கடிகாரம் கொடுத்த 45 நிமிடம்

மாமா முப்பது வருடம் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அதில் பெரும்பகுதி திருச்சி–சென்னை இரவு வண்டி. மகளையும் மாப்பிள்ளையையும் பார்க்க ஆஸ்திரேலியா வந்த இடத்தில், மெல்பர்னிலிருந்து பெர்த் வரைக்கும் வேனிலேயே போகலாமா என்று கேட்டபோது அவர் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். "எத்தனை கிலோமீட்டர்?"

"போக மட்டும் 3,400 இருக்கும் மாமா."

மனக்கணக்குப் போட்டார். "பத்து சிங்கிள். போலாம்."

அந்தப் பயணத்தின் ஐந்தாம் நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மற்ற நாட்கள் ஓரளவு திட்டப்படி நடந்தன, அதனால் அவற்றில் சொல்ல அதிகம் இல்லை. ஐந்தாம் நாள் நாங்கள் நல்லர்பார் சமவெளியின் தெற்கு ஓரமாக ஓடும் அயர் நெடுஞ்சாலையில் இருந்தோம். கிழக்கே போர்ட் அகஸ்டாவிலிருந்து மேற்கே நார்ஸ்மன் வரை ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். இடையில் ஊர் என்று சொல்லத்தக்கவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. சிடூனாவுக்கு மேற்கே போனால், பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக்கடை, நாலு அறை என எல்லாம் ஒரே கட்டடத்தில் அடங்கிய ரோடுஹவுஸ்கள்தான் பெரும்பாலும் வரைபடத்தில் ஊர்ப்பெயரோடு நிற்கின்றன. "நல்லார் பார்னு பேரு வச்சிட்டு ஒரு ஆளைக்கூட காணோமே" என்றார் மாமா. லத்தீனில் 'மரம் இல்லை' என்று பொருள் என்றேன். "மரம் இருக்கே" என்று ஜன்னலைக் காட்டினார். அதுவும் உண்மைதான். நெடுஞ்சாலை முழுக்க மரமற்ற வெளி வழியாகப் போவதில்லை. மொட்டையான சமவெளி பெரும்பாலும் வடக்கே ரயில்பாதைப் பக்கம் இருக்கிறது. சாலையில் வருகிறவர்களுக்கு நல்லர்பார் ரோடுஹவுஸை ஒட்டிய கொஞ்ச தூரம்தான் அந்தக் காட்சி.

முந்தைய நாள் இரவு மண்ட்ரபில்லாவைத் தாண்டி ஓர் ஓய்விடத்தில் தங்கியிருந்தோம். வடக்கே ஹாம்ப்டன் மேட்டுநிலத்தின் சரிவு நீளமாக ஒரு மதில் போலத் தெரியும் இடம். மாமாவுக்கு வேனுக்குள் படுக்கை, எங்களுக்கு வெளியே கூடாரம். காசு கொடுக்காமல் இப்படிச் சாலையோரம் தங்குவதை இங்கே ஃப்ரீ கேம்பிங் என்பார்கள். எங்கே வேண்டுமானாலும் தங்கலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் 24 மணி நேரம் தங்கலாம் என்று பலகை போட்ட ஓய்விடங்கள் தனியாக உண்டு. மற்ற ஒதுக்கிடங்கள் இறங்கிக் கால் நீட்ட மட்டுமே. விக்கிகேம்ப்ஸ் மாதிரி ஓர் ஆப் இருந்தால் எது எது என்று பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்திருக்க வேண்டும். ரோடுஹவுஸ் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல், அதுவும் டெல்ஸ்ட்ரா சிம் என்றால் கொஞ்சம் நம்பலாம்.

காலை எட்டு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். ஏழேகாலுக்குத்தான் சூரியனே வந்தது. ஜூலை மாதம், கடுங்குளிர். கூடாரத்தின் வெளித்துணி பனியில் ஊறித் துவைத்துப் போட்ட போர்வை மாதிரி கனத்தது. வேனுக்குள் போய்ப் பார்த்தால் கண்ணாடி எல்லாம் உள்பக்கம் நீர் வடிந்துகொண்டிருக்கிறது. குளிருக்குப் பயந்து மாமா எல்லா ஜன்னலையும் இறுக்கி மூடியிருந்தார். ஒரு ஆள் இரவெல்லாம் விடும் மூச்சில் அவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று அதுவரை நானும் நம்பியதில்லை. எதிரெதிரே இரண்டு ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்து, கூட ஒரு கம்பளி போர்த்திக்கொள்வதுதான் வழி. அன்றிரவிலிருந்து அப்படித்தான் செய்தோம், மெத்தை நனையவில்லை.

ஆணிகளைப் பிடுங்கும் வேலையே இல்லை. அவை உள்ளே போனால்தானே? இந்தச் சமவெளி ஒரே சுண்ணாம்புக்கல் பாளம், மேலே நாலு விரல் மண். கூடாரத்தோடு வந்த அலுமினிய ஆணிகள் முதல் அடியிலேயே கொக்கியாக வளைந்துவிட்டன. கடைசியில் கயிறுகளைப் பெரிய கற்களில் சுற்றிக் கட்டினோம். தடித்த எஃகு ஆணி ஒரு பத்தும் ஒரு சம்மட்டியும் வாங்கி வைத்திருக்கலாம். அல்லது ஆணியே தேவைப்படாமல் தானாக நிற்கும் வகைக் கூடாரம் எடுத்திருக்கலாம். கல்லில் கட்டியதால் அவிழ்க்கவும் நேரம், ஈரத்தைத் துடைக்கவும் நேரம். கிளம்பும்போது ஒன்பதேகால்.

போன ஒன்றேகால் மணி நேரத்தைப் பற்றி நான் அப்போது கவலைப்படவில்லை. அன்றைய இலக்கு பல்லடோனியாவுக்கு 50 கிலோமீட்டர் மேற்கே இருக்கும் நியூமன் ராக்ஸ். பாறைக் குழிகளில் மழைநீர் தேங்கி நிற்கும், இலவசமாகத் தங்கலாம் என்று எதிரே வந்த எல்லோரும் புகழ்ந்த இடம். ஏறத்தாழ 470 கிலோமீட்டர், ஐந்து மணி நேர ஓட்டம், நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. சாயங்காலம் நாலுக்குள் போய்விடலாம் என்று கணக்கு. கிலோமீட்டரை வேகத்தால் வகுத்து வரும் அந்த எண்ணை நம்பித்தான் அன்றைக்கு முழுக்க ஓட்டினேன்.

இந்தச் சாலையில் ஓட்டும் விதத்தை இரண்டு நாளில் பழகியிருந்தேன். வேக எல்லை 110, நாங்கள் போனது 95. மேற்கிலிருந்து எதிர்க்காற்று அடிக்கும்போது வேன் பெட்ரோலைக் குடிக்கும். வழக்கமாக நூறு கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் கேட்கும் வண்டி அங்கே பதின்மூன்றைத் தொட்டது. பெட்ரோல் பங்க் இல்லாத இடைவெளி எதுவும் 200 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை, அதனால் கேன் கேனாகச் சுமக்கத் தேவையில்லை. பாதி டாங்க் ஆனதும் நிரப்பிக்கொண்டே போனால் போதும். தண்ணீர் விஷயம் அப்படி இல்லை. ரோடுஹவுஸ்களுக்கே தண்ணீர் அரிது. குழாயில் பிடித்துக்கொள்ளலாமா என்று போய்க் கேட்பது, அடுத்த வீட்டில் போய்ச் சம்பளம் எவ்வளவு என்று கேட்பது மாதிரி. மூன்று பேருக்கு 60 லிட்டர் சிடூனாவிலேயே நிரப்பியிருந்தோம். பாத்திரம் கழுவுவதை மாமா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, ஒரு சொம்புத் தண்ணீரில் மூன்று தட்டு கழுவி எங்களை வெட்கப்பட வைத்தார்.

ரோடு ட்ரெயின்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு லாரித் தலை, பின்னால் இரண்டு பெரிய டிரெய்லர், மொத்த நீளம் 30 மீட்டருக்கு மேல். முந்துவதற்கு வளைவில்லாத, மேடில்லாத நீண்ட பார்வை வேண்டும். பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனால் முன்னால் எதுவும் தெரியாது, அவருக்கும் நாம் இருப்பது தெரியாது. யு.எச்.எஃப். ரேடியோவில் 40-ஆம் சேனல் லாரிக்காரர்களுடையது. "பின்னால் ஒரு வெள்ளை வேன் இருக்கிறேன், வசதிப்படும்போது முந்திக்கொள்கிறேன்" என்று சொன்னால் வழி சுத்தமாக இருக்கும்போது அவர்களே சொல்லிவிடுவார்கள். அவர்கள் நம்மை முந்தும்போது செய்ய வேண்டியது இன்னும் எளிது: ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் விட்டு, கோட்டை விட்டு அசையாமல் போக வேண்டும். ஓரம் ஒதுங்குகிறேன் என்று ஜல்லியில் சக்கரத்தை இறக்கக் கூடாது. முதல் தடவை ஒரு ரோடு ட்ரெயின் தாண்டிப்போன காற்றில் வேன் உதறியபோது, பக்கத்து சீட்டில் மாமாவின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. அதன்பிறகு பெர்த் வரைக்கும் அவருடைய கால் ஓய்வெடுக்கவில்லை.

பத்தேகாலுக்கு மடூரா. பலகையைப் பார்த்ததும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மதுரையா?" எழுத்து கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது. இன்னொரு வேடிக்கை, இந்த இடத்துக்கு நம் பக்கத்தோடு நிஜமாகவே ஒரு தொடர்பு உண்டு. 1876-இல் இங்கே குடியேறியவர்கள் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்துக்காகக் குதிரை வளர்த்தார்கள். வனாந்தரத்தில் குதிரை வளர்த்து, கப்பலேற்றி, எல்லைப்புறப் படைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மாமாவுக்கு இது பிடித்துப்போனது. மேடேறியதும் வரும் மடூரா கணவாய்க் காட்சிமுனையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, கீழே தட்டாகக் கிடந்த ரோ சமவெளியைப் பார்த்தபடி தேநீர் குடித்தார். அவரை எழுப்ப மனம் வரவில்லை. அந்த முக்கால் மணியும் தாமதக் கணக்கில் சேர்ந்தது.

மேட்டுக்கு மேல் வந்ததும் சாலையில் கழுகுகள் தென்பட ஆரம்பித்தன. ஆப்புவால் கழுகு என்று சொல்லலாம், இறக்கையை விரித்தால் ஒரு ஆளைவிட நீளம். இரவில் அடிபட்டுச் செத்த கங்காருவின் மேல் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும். காக்கை மாதிரி சட்டென்று பறக்காது. கனத்த உடம்பு, வயிறு வேறு நிரம்பியிருக்கும், காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், எழும்பும் திசை நம் கண்ணாடியாகவும் இருக்கலாம். தூரத்தில் கறுப்பாகத் தெரிந்ததுமே 60-க்குக் குறைத்து, ஹாரன் கொடுத்து, அது முழுதாக ஒதுங்கிய பிறகே போக வேண்டும். ஒரு தடவைகூட மாமா இதில் அவசரப்படச் சொல்லவில்லை. "மாடு நிக்கிற ரோட்டுல ஓட்டினவன்தான நானு" என்றார்.

காக்கிள்பிடிக்கு 20 கிலோமீட்டர் முன்னால் பின்பக்கம் இடது சக்கரம் தளர்ந்தது. இறங்கிப் பார்த்தால் டயரில் கூரான கல் ஒன்று, காலையில் தங்கிய இடத்திலிருந்து கூடவே வந்திருக்க வேண்டும். பஞ்சர் போடுவது பெரிய விஷயம் இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். உதிரிச் சக்கரம் வேனுக்கு அடியில் தொங்குகிறது. அதை இறக்கும் திருகு துருப்பிடித்து அசைய மறுத்தது. எண்ணெய் விட்டு, தட்டி, மல்லாக்கப் படுத்து, அதற்கே அரை மணி நேரம். ஜாக்கியை வைத்தால் ஜல்லியில் புதைகிறது. அப்போதுதான் மாமா பின்கதவைத் திறந்து ஒரு பலகையை எடுத்து வந்தார். மெல்பர்னில் கிளம்பும்போது ஒன்றரை அடிப் பலகை ஒன்று வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததும், எதற்கு என்று புரியாமலேயே நான் வைத்ததும் நினைவுக்கு வந்தது. ஜாக்கிக்கு அடியில் அதை வைத்ததும் வண்டி எழுந்தது. சக்கரத்தை மாட்டி இறக்கினால், உதிரிச் சக்கரத்திலும் பாதிக் காற்றுதான். வாங்கியதிலிருந்து யாரும் அதை அழுத்திக்கூடப் பார்த்ததில்லை. என்னைத்தான் சொல்கிறேன்.

கேரவன் இழுத்துவந்த ஒரு வயதான தம்பதி நின்றார்கள். ஓய்வுபெற்ற பிறகு வருடக்கணக்கில் நாட்டைச் சுற்றும் இவர்களை இங்கே கிரே நோமாட் என்பார்கள், தலைநரைத்த நாடோடிகள். பாட்டரியில் ஓடும் சிறிய கம்ப்ரஸரை எடுத்துக் கொடுத்து, காற்று ஏறும் பத்து நிமிடமும் அந்தப் பெரியவர் மாமாவிடம் டயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மாமாவுக்கு அவர் ஆங்கிலம் பாதிதான் புரிந்திருக்கும், அவருக்கு மாமாவின் தமிழ் சுத்தமாகப் புரிந்திருக்காது. இருவரும் தலையாட்டிக்கொண்டே பேசினார்கள். நெடுந்தூரம் கிளம்புகிறவர்கள் புறப்படுமுன் வீட்டு வாசலிலேயே ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிடுங்கள். துருப்பிடித்த திருகும் காற்றில்லாத உதிரியும் அப்போதே தெரிந்துவிடும்.

காக்கிள்பிடியில் சாப்பாடு. சாதமும் ரசமும், கொஞ்சம் அப்பளமும். காய்கறி இல்லை, மாநில எல்லைச் சோதனையில் பழம், பச்சைக் காய்கறி, தேன் எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுவிடுவார்கள். தெரிந்திருந்தும் எங்களிடம் அரைப் பாட்டில் தேன் இருந்தது. மாமா அதைக் குப்பைத்தொட்டியில் போடும்போது ஒரு தடவை நக்கிப் பார்த்துவிட்டுப் போட்டார். அது முந்தைய நாள் கதை.

கைகுனா வந்து சேரும்போது மூணு நாற்பது.

இங்கேதான் கதை. இந்த வட்டாரத்தில் சில ரோடுஹவுஸ்கள் தங்களுக்கென்று ஒரு நேரம் வைத்திருக்கின்றன. உலக நேரத்துக்கு எட்டே முக்கால் மணி முன்னால், அதாவது பெர்த்துக்கு 45 நிமிடம் முன்னால். அதிகாரபூர்வமானது அல்ல, ஆனால் எல்லையிலிருந்து கைகுனா வரை அதைத்தான் புழங்குகிறார்கள். போன் இதைத் தானாகச் சரியாகக் காட்டும் என்று நம்ப முடியாது. எங்கள் மூன்று போனும் மூன்று நேரம் காட்டின. கைகுனாவுக்கு மேற்கே பெர்த் நேரம். பலகையைப் பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தைத் திருகினேன். மூணு நாற்பது, இரண்டு ஐம்பத்தைந்து ஆனது.

"பாத்தீங்களா, பஞ்சர்ல போன நேரம் திரும்பி வந்துடுச்சு" என்றேன். நியூமன் ராக்ஸுக்கு இன்னும் 232 கிலோமீட்டர். மூணு மணிக்குக் கிளம்பினால் ஐந்தேகால், ஐந்தரை. மெல்பர்னில் ஜூலையில் ஐந்தேகால் வரை வெளிச்சம் இருக்குமே.

மனைவி வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ஏங்க, நடுவுலயே ஒரு இடம் இருக்கு, அங்கயே நிப்பாட்டிடலாமே" என்றாள். மாமா வானத்தைப் பார்த்தார். "வாட்ச்ச மாத்திட்டீங்க மாப்பிள்ள, சரி. சூரியன யாரு மாத்தறது?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போதாக்குறைக்கு, கைகுனாவுக்கு ஐந்து கிலோமீட்டர் மேற்கே ஊதுகுழி ஒன்று இருக்கிறது, அதையும் பார்த்துவிடலாம் என்று நிறுத்தியதும் நான்தான். தரையில் ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு ஓட்டை. கீழே சுண்ணாம்புக்கல்லுக்குள் குகைகள் தொடர்ந்து போகின்றன. வெளியே காற்றழுத்தம் குறைந்தால் குகைக்குள் இருக்கும் காற்று வெளியே வரும், கூடினால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். பூமி மூச்சுவிடுகிற மாதிரி. மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து ஓட்டையின் மேல் பிடித்தார். துண்டு மேலே எழும்பி நின்றது. அதைப் பார்த்து மூன்று பேரும் குழந்தைகள் மாதிரி மாறி மாறிப் பிடித்துக்கொண்டு நின்றதில், மறுபடி சாலைக்கு வரும்போது மூணு ஐம்பது.

ஆஸ்திரேலியாவின் மிக நீண்ட நேர்ச்சாலைகளில் ஒன்று அது. 90 மைல் நேர்ச்சாலை என்று பெயர், கிலோமீட்டரில் 146.6. கைகுனாவில் ஆரம்பித்துப் பல்லடோனியா நெருங்கும் வரை ஒரு வளைவு கிடையாது. இடையில் சாலையின் மேலேயே வெள்ளைப் பட்டைகள் பெரிதாக வரைந்திருப்பார்கள். அது பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் அவசரத்துக்கு இறங்கும் ஓடுதளம். "பஸ் ஸ்டாண்டுல ஏரோப்ளேன் வந்து நிக்கிற ஊரு" என்றார் மாமா. அப்புறம் பேச்சு குறைந்தது. "வளைவு இருந்தா கை முழிச்சிருக்கும் மாப்பிள்ள. நேர் ரோடுதான் ஆளத் தூங்க வைக்கும். பேசிட்டே வாங்க" என்றார்.

தூக்கம் வரவில்லை, வேறொன்று வந்தது. சாலை நேர் மேற்காகப் போகிறது. குளிர்காலச் சூரியன் சாலையின் முடிவிலேயே கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி இறங்குகிறது. நான்கரை மணி அளவில் முன்கண்ணாடி முழுக்க வெள்ளை. ஐந்து நாள் பூச்சிச் சாறும் தூசியும் படிந்த கண்ணாடியில் அந்த வெளிச்சம் பட்டதும் திரை போட்ட மாதிரி ஆகிவிட்டது. வேகத்தை 80 ஆக்கினேன். வளைவு வந்தால் ஒரு நிமிடமாவது சூரியன் பக்கவாட்டில் போகும். இங்கே வளைவே கிடையாது. மாலையில் மேற்கே ஓட்டுகிறவர்கள் மதியமே நிறுத்திக் கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்துவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த ஊரில் அன்றைக்குச் சூரியன் மறைந்தது சுமார் ஐந்து மணிக்கு. கைகுனாவில் நான் திருகிய 45 நிமிடத்தை அது மொத்தமாக வாங்கிக்கொண்டது.

கங்காருவை முதலில் பார்த்தது மாமா. "இடது! இடது!" என்று கத்தினார். எனக்குத் தெரிந்தது வெளிச்சத்துக்குள் ஒரு பழுப்பு அசைவு மட்டும். பிரேக்கை மிதித்தேன், ஸ்டியரிங்கை ஒடிக்கவில்லை. ஒடிக்கக் கூடாது என்று நூறு தடவை படித்திருந்ததாலா, மாமாவின் கை என் முழங்கையை அழுத்திப் பிடித்திருந்ததாலா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. விலங்கைத் தவிர்க்க வண்டியைத் திருப்பித்தான் பலர் கவிழ்கிறார்கள். அது பம்பருக்கு ஒரு கை தூரத்தில் குதித்துக் கடந்தது. பின்னாலேயே இன்னொன்று. ஒன்று கடந்துவிட்டால் ஆபத்து முடிந்தது என்று நினைத்து வேகமெடுப்பது அடுத்த தவறு. கூட்டமாகத்தான் வரும்.

வேன் நின்றது. பின்னால் சாப்பாட்டுக் கூடை கவிழ்ந்து அப்பளம் உருண்டுகொண்டிருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் நாலு கிலோமீட்டர்ல அந்த இடம்" என்றாள்.

பாக்ஸ்டர் ஓய்விடத்துக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போனோம். தாமதமாகப் போனதற்கு அடுத்த தண்டனை அங்கே. வெளிச்சத்தில் போயிருந்தால் இறங்கி ஒரு சுற்று நடந்து இடம் பார்த்திருப்போம்: தரை மட்டமா, மழை வந்தால் சேறாகுமா, நெடுஞ்சாலையிலிருந்து எவ்வளவு தள்ளி, காற்றுக்கு மறைவு உண்டா, காலையில் பின்னெடுக்காமல் நேராக வெளியே வர முடியுமா. அன்று இருட்டுகிற அவசரத்தில் முதலில் கண்ணில் பட்ட வெட்டவெளியில் நிறுத்திவிட்டோம். லாரிகள் நிறுத்தும் இடத்தை ஒட்டி. லாரிக்காரர்களின் இடத்தை அடைக்கவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல். அவர்களுக்கு இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வெடுத்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நம் வேன் அந்த இடத்தில் நின்றால் அவர் தூக்கக் கண்ணோடு அடுத்த இடம் தேடி ஓட்ட வேண்டும்.

கழிப்பறை எல்லா ஓய்விடத்திலும் இருக்காது. சின்ன மண்வெட்டி ஒன்று கட்டாயம் வேண்டும், ஒரு சாண் ஆழக் குழி, காகிதத்தைப் பையில் போட்டுக் கூடவே எடுத்துப் போய்விட வேண்டும். இந்தத் தரையில் ஒரு சாண் தோண்டுவது எவ்வளவு கஷ்டம் என்பதைத் தோண்டியவர்களுக்குத்தான் தெரியும். அங்கங்கே காகிதம் காற்றில் பறப்பதைப் பார்த்தால் தோண்டாதவர்கள் அதிகம் என்று தெரிகிறது. இலவச இடங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இரவு மீதி ரசத்தைச் சுட வைத்துக் குடித்துவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். விருச்சிகம் தலைக்கு நேர் மேலே நின்றது. நம் ஊரில் தெற்கே சாய்வாகத் தெரிகிற அதே தேள். மாமா கேட்டை நட்சத்திரத்தைக் காட்டி, "இது இங்க உச்சிக்கு வந்துடுதா!" என்று கொஞ்ச நேரம் அண்ணாந்தபடியே இருந்தார். பாக்ஸ்டர் யார் என்று கேட்டார். சொன்னேன். 1841-இல் எட்வர்ட் அயர் இந்தக் கரையோரமாகக் கிழக்கிலிருந்து மேற்கே நடந்தார். கூட ஜான் பாக்ஸ்டரும் மூன்று பழங்குடி இளைஞர்களும். ஏப்ரல் 29 இரவு, அந்த மூவரில் இருவர் பாக்ஸ்டரைச் சுட்டுவிட்டு உணவையும் துப்பாக்கிகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியவர் வைலி என்ற இளைஞர். அவரும் அயரும் தொடர்ந்து நடந்து ஜூலையில் ஆல்பனி போய்ச் சேர்ந்தார்கள். பாக்ஸ்டரைப் புதைக்கக்கூட முடியவில்லை. தரை முழுக்கப் பாறை, குழி வெட்ட முடியாமல் உடலைப் போர்வையில் சுற்றி அப்படியே விட்டுவிட்டுப் போனார் அயர்.

மாமா காலால் தரையைத் தட்டினார். காலையில் வளைந்த ஆணிகளில் ஒன்று இன்னும் என் சட்டைப்பையில் இருந்தது.

ஒன்பது மணிக்கு ஒரு ரோடு ட்ரெயின் வந்து எங்களுக்கு முப்பது அடி தள்ளி நின்றது. இரண்டு டிரெய்லரும் குளிர்பதனப் பெட்டிகள். ஓட்டுநர் விளக்கை அணைத்துப் படுத்துவிட்டார், குளிர்பதன மோட்டார் படுக்கவில்லை. ஐந்து நிமிடம் ஓடும், நிற்கும், நின்றுவிட்டது என்று கண் சொருகும்போது மறுபடி கிளம்பும். கூடாரத் துணி அதற்கு ஏற்றாற்போல அதிர்ந்தது. நள்ளிரவு தாண்டியும் நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம். விடியற்காலையில் எழுந்து நடந்தபோது, இருநூறு அடி பின்னால் மல்லீ மரங்களுக்கு மறைவில் மட்டமான, அமைதியான இடம் ஒன்று இருந்தது. நான்கு கேரவன்கள். எல்லாரும் முந்தைய நாள் மூணு மணிக்கே வந்து சேர்ந்தவர்களாம்.

திரும்பி வந்தால் மாமா வேன் படியில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஜன்னலும் ஒரு விரல் அளவு திறந்திருந்தன, கண்ணாடி காய்ந்திருந்தது. முகத்தில் நல்ல தெளிவு.

"தூங்கினீங்களா மாமா?"

"அஞ்சு நாள்ல நேத்துதான் நல்லா தூங்கினேன் மாப்பிள்ள" என்றார். "பக்கத்துல இஞ்சின் ஓடிட்டே இருந்துச்சுல்ல."